ஒரு பிக் மூவாயிரம் ரூபாயா? – ஒரு கடைக்காரரின் கணக்கு

தலைப்பைப் பார்த்ததும், "அரிசி, பருப்பு விற்கிற நமக்கு கிட்டார் சமாச்சாரம் எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் அரிசி, பருப்பு விற்கிறவன்தான். பாளையங்கோட்டையில் மளிகையோடு கொஞ்சம் ஃபேன்சி சாமானும் வைத்திருக்கிறேன். சுற்றிலும் பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள். பாடகர் குழுப் பிள்ளைகள் கிட்டார் தந்தி கேட்டு வந்தார்கள், வாங்கி வைத்தேன். பின்பு பிக் கேட்டார்கள். அதையும் வாங்கி வைத்தேன். பேனா, பொத்தான் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அவ்வளவுதான் இடம். அந்த டப்பாவில் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

பிக் என்பது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தந்தியை மீட்டுகிற சிறு சில்லு. கிட்டாருக்கும் மாண்டலினுக்கும் பொது. பத்து ரூபாய்க்கும் கிடைக்கும். அமெரிக்காவில் ப்ளூசிப் என்றொரு கம்பெனி செய்வது ஒன்று 35 டாலருக்கு மேல். நம் பணத்தில் மூவாயிரத்துக்குக் குறையாது, தபால் செலவும் சுங்கமும் தனி. ஏறக்குறைய இரண்டு சிப்பம் அரிசி விலை! நகத்தளவுச் சாமானுக்கு இந்த விலை தகுமா என்பதுதான் கேள்வி.

முதலில் சரக்கின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நல்ல பிக் என்றால் ஆமை ஓட்டில் செய்தது. அதுவும் அழுங்காமை ஓடு. ஆமை ஓடு நம் பக்கத்துக்குப் புதிய சரக்கல்ல. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வணிகக் குறிப்பில், முசிறிப் பக்கத்துத் துறைகளில் மிளகோடு ஆமை ஓடும் கப்பலேறியதாக இருக்கிறது. 1922இல் நியூயார்க்கில் லூயி டியாண்ட்ரியா என்பவர் செல்லுலாய்டுத் தகட்டில் அச்சு வைத்துத் தட்டி பிக் செய்யத் தொடங்கினார். ஆமை ஓட்டின் நிறமும் வளைவும் அதில் ஓரளவு கிடைத்தன, விலை மலிவு. மளிகைக்காரர்களுக்கு ஒரு சுவையான செய்தி: செல்லுலாய்டில் சேருகிற முக்கியமான பொருள் நம் கடைக் கற்பூரமேதான். அதனாலேயோ என்னவோ, தீப்பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். சாமி விளக்குக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் அந்த டப்பாவை வைக்காதீர்கள்.

பிறகு நைலான் வந்தது. 1981இல் அமெரிக்காவின் டன்லப் கம்பெனி டார்டெக்ஸ் என்ற வகையை இறக்கியது. ஏலக்காயை நாம் 7 மில்லி, 8 மில்லி என்று தரம் பிரிக்கிற மாதிரி, இதைக் கனத்தால் பிரித்து நிறம் கொடுத்தார்கள். சிவப்பு 0.50 மி.மீ., ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. கடைக்காரனுக்கு இது பெரிய வசதி. வருகிற பையன் "பச்சை ரெண்டு" என்பான், எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். 72 கொண்ட பையாக வரும். பொத்தான் விற்கிறவர்களுக்கு அரை குரோஸ் என்றால் புரியும்.

இந்த இடத்தில்தான் நான் அடி வாங்கினேன். மாநகரத்து மொத்தக் கடை ஒன்றில் பாதி விலைக்கு மஞ்சளும் பச்சையும் ஒவ்வொரு பை தந்தார்கள். லாபம் கண்ணை மறைத்தது. பத்து நாள் கழித்து ஒரு பையன் வந்து, "அண்ணாச்சி, மஞ்சளும் பச்சையும் ஒண்ணுபோலத்தான் வளையுது, இது ஒரிஜினலா?" என்றான். நம் கடைக்கு வாடிக்கையாக வரும் அறிவியல் ஆசிரியர் ஒருவர் மாண்டலின் வாசிப்பவர். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து திருகு அளவி கொண்டுவந்து அளந்தார். 0.73 என்று அச்சிட்டதும் 0.88 என்று அச்சிட்டதும் ஒரே கனம்! டார்டெக்ஸ் பரப்பு மினுங்காது. சுண்ணாம்புத் தூள் படிந்தாற்போல் மங்கலாக இருக்கும். என்னிடம் இருந்தது பளபளவென்று இருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் விற்றிருக்கிறேன். விற்றதில் நாற்பது சில்லுக்கு மேல் திருப்பி வாங்கிப் பணம் கொடுத்தேன். மொத்தக் கடைக்காரர் பாதிகூடத் திருப்பித் தரவில்லை. பில் இல்லாமல் வாங்கியவன் நான்; யாரிடம் போய்ச் சொல்ல?

அதிலிருந்துதான் எனக்கு இந்தப் பொருளின் மேல் உண்மையான அக்கறை வந்தது. அந்த ஆசிரியருக்கு அவர் மகன் அமெரிக்காவிலிருந்து ப்ளூசிப் ஒன்று அனுப்பியிருந்தான். "சார், இது உண்மையிலேயே மூவாயிரம் பெறுமா?" என்று கேட்டேன். "நீங்களே கேட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்று ஒரு மத்தியானம் மாண்டலினோடு வந்துவிட்டார்.

கடையில் கூட்டம் இல்லை. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவர் மாற்றி மாற்றி வாசித்தார். பத்து ரூபாய் மெல்லிய பிக்குக்கும் மூவாயிரம் ரூபாய்க்கும் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. மெல்லியதில் தந்திச் சத்தத்தோடு 'சட் சட்' என்று தகட்டுச் சத்தமும் சேர்ந்து வந்தது. காரணத்தையும் ஆசிரியர் சொன்னார். மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி, எல்லாம் முறுக்கேறிய எஃகு. மெல்லிய தகடு அதில் வளைந்து துடிக்கும். 1.4 மில்லி கனத்தில் விறைப்பாக, விளிம்பு சாய்த்து மெருகிட்டதாக இருந்தால் ஜோடித் தந்தியை ஒன்றாக வழுக்கிக் கடக்கும். கிறிஸ் தீலி என்ற அமெரிக்க மாண்டலின் கலைஞரின் பெயரில் அந்தக் கம்பெனி விற்கிற பிக்கும் இந்தக் கனம்தான்.

ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. அறுபது ரூபாய்க் கனத்த பிக் ஒன்றின் விளிம்பை மெல்லிய உப்புக் காகிதத்தில் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியில் மெருகேற்றி வைத்திருந்தார். அதற்கும் மூவாயிரத்துக்கும் என் காது வித்தியாசம் சொல்லவில்லை. ஆறு முறையில் மூன்று முறை தப்பாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். "எனக்குக் கைக்குத் தெரியுது, உங்க காதுக்குத் தெரியலை" என்றார் ஆசிரியர். அது விரலில் நழுவாது, முனை தேயாது என்பது அவர் வாதம். மறுக்க முடியவில்லை. வாசிப்பது அவர்.

பாடகர் குழுப் பையனைக் கூப்பிட்டுக் கிட்டாரில் எல்லாத் தந்தியையும் சேர்த்து அடிக்கச் சொன்னோம். அதில் மூவாயிரத்துக்கு ஒரு மரியாதையும் கிடைக்கவில்லை. அவனுக்கு மஞ்சள்தான் இதமாக இருந்தது.

நம் ஊரில் மாண்டலின் என்றதும் நினைவுக்கு வருபவர் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். சத்தத்தைப் பெருக்குவது அங்கே மின்சாரத்தின் வேலை. ஆகவே 'மாண்டலின் என்றால் விலை உயர்ந்த பிக்தான்' என்று வாடிக்கையாளரிடம் ஒரே பாட்டாகப் பாடுவது சரியல்ல. எந்த மாண்டலின் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவு ஏன், இங்கிலாந்தின் 'குவீன்' குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வாசிப்பது பழைய ஆறு பென்ஸ் நாணயத்தை வைத்து. 1980இல் செல்லாததாகிவிட்ட காசு!

உழைப்பைக் கணக்குப் பார்ப்போம். எஃகுத் தந்தி அரம் மாதிரி தேய்க்கும். தினமும் வாசிப்பவர் பத்து ரூபாய் பிக்கை மாதம் இரண்டு தேய்த்தாலும் ஆண்டுக்கு 240 ரூபாய். மூவாயிரத்தை ஈடுகட்டப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வேண்டும். அத்தனை ஆண்டு பிக்கைத் தொலைக்காமல் வைத்திருந்தவரை நான் கண்டதில்லை. ஆகவே 'நீடித்து உழைக்கும், லாபம்' என்று சொல்லி விற்றால் அது பொய். விலை எதற்கு என்றால், நைலான் பிக் அச்சில் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. இது விலை உயர்ந்த பிளாஸ்டிக்கில் ஒவ்வொன்றாக வெட்டி விளிம்பு சாய்த்துச் செய்வது. தினம் மணிக்கணக்கில் வாசித்துப் பழகிய கை அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம். கற்றுக்கொள்ளும் பையனின் தகப்பனார் தலையில் அதைக் கட்டுவது நமக்கு அழகல்ல.

இன்னொன்று. 'நிஜ ஆமை ஓடு' என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அழுங்காமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சிறை வரைக்கும் போகும். ஆமை ஓட்டுப் புள்ளி போட்ட செல்லுலாய்டு வேறு. அதை விற்கலாம்.

இப்போது என் டப்பாவில் மஞ்சள், பச்சை, ஊதா மூன்றும், மாண்டலினுக்கென்று கனத்த வகை ஒரு டஜனும்தான் இருப்பு. எல்லாம் பில்லோடு வாங்கியவை. மூவாயிரம் ரூபாய்ச் சரக்கை வாங்கி அடுக்குவதில்லை. கேட்பவரிடம் முழு முன்பணம் வாங்கித் தருவிக்கிறேன். இதுவரை தருவித்தது இரண்டே இரண்டு.

அன்று வாசித்து முடித்ததும் ஆசிரியரின் பிக் கைதவறி மல்லி மூட்டைக்குள் விழுந்துவிட்டது. பிக்கும் பழுப்பு, மல்லியும் பழுப்பு. நானும் பையனும் சல்லடை வைத்து முக்கால் மணி நேரம் சலித்தோம். வாங்க வந்த மூன்று பேரை நிற்க வைத்துவிட்டுத்தான். கிடைத்தது. இப்போதெல்லாம் அதை அவர் வீட்டில் மட்டும் வாசிக்கிறார்; பாடகர் குழுவுக்குப் போகும்போது என் அறுபது ரூபாய்ச் சில்லுதான் சட்டைப் பையில் இருக்கிறது.