பெயர்த்து நட்ட நாற்று



நாற்றங்காலிலேயே நிற்கும் நாற்று என்ன ஆகும்? ஒன்றோடொன்று நெருங்கி, வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு, மெலிந்து நெடுக வளரும், சரியாகக் காய்க்காது. அதனால்தான் கத்தரியையும் மிளகாயையும் நம் உழவர்கள் பெயர்த்து நடுகிறார்கள். பெயர்ப்பது தண்டனை அன்று; பெருகுவதற்கு இடம் தருவது. ஆனால் அந்த இடத்துக்கு ஒரு விலை உண்டு. அதை நான் தில்லியில்தான் கற்றேன்.

முதலாண்டு ஜூலையில் ஊரிலிருந்து புறப்பட்டபோது அம்மா ஒரு பொட்டலம் கத்தரி விதை கொடுத்தனுப்பினார். விடுதியின் பின்புறம் சிறு பாத்தி கட்டி விதைத்தேன். ஆகஸ்டு இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், 12 நாற்றுகளைப் பிடுங்கி, வேரைச் சுத்தமாகக் கழுவி நட்டேன். விரைந்து வளரட்டும் என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிடி யூரியாவும் இட்டேன். மூன்றாம் நாள் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

அதே வாரம் முதல் தேர்வின் மதிப்பெண்கள் வந்தன. இரண்டு தாள்களில் தோல்வி. வகுப்பில் ஆங்கிலம் பாதி புரியவில்லை. கடைத்தெருவில் இந்தி முழுதும் புரியவில்லை. “இந்த ஊர் எனக்கு ஒத்துவராது, வந்துவிடுகிறேன்” என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

காய்ந்த பாத்தியருகே நின்ற என்னைக் கண்டு விடுதித் தோட்டக்காரர் வந்தார். முதியவர், நாங்கள் ‘மாலிஜி’ என்போம். “பேட்டா, வேரைக் கழுவியபோதே செடி போய்விட்டது” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைப் பின்னர்த் தாவரவியல் நூலில் படித்தேன். செடிக்கு நீரை உறிஞ்சித் தருபவை பெருவேர்கள் அல்ல. வேர்நுனியை ஒட்டியுள்ள நுண்ணிய வேர்த்தூவிகளே. பிடுங்கும்போது அவை அறுந்துபோகின்றன. இலைகளோ வழக்கம்போல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் வாடாமல் என்ன செய்யும்? அந்நிலையில் மிகுதியாக உரமிட்டால், மண்ணில் உப்பு மிகுந்து வேரிலிருந்தே நீரை வெளியே இழுத்துவிடும்.

ஆகவே நாற்றங்காலை முதலில் நனைத்து, மண்ணோடு நாற்றை எடுக்க வேண்டும். மாலையில் நட்டு, அடிமண்ணை அழுத்தி, நீர் வார்த்து, சில நாள் நிழல் தர வேண்டும். உரம் பிறகு. எஞ்சியிருந்த 10 நாற்றுகளை அவ்வாறே நட்டேன். மறுநாள் அவையும் தலை கவிழ்ந்தன. நான் பதறினேன். மாலிஜி பதறவில்லை. “மேலே பார்க்காதே, கீழே வேலை நடக்கிறது” என்றார். ஆறாம் நாள் நிமிர்ந்தன. பிறகு புதுத்தளிர் விட்டன. ‘பச்சை பிடித்துவிட்டது’ என்று எங்கள் ஊரில் சொல்வது இதைத்தான்.

கடிதத்தை நான் அஞ்சலில் சேர்க்கவில்லை. நள்ளிரவு வரை எல்லாப் பாடங்களையும் ஒருசேர விழுங்க முயன்றதை நிறுத்தினேன்; அது என் யூரியா. நாளுக்கு ஒரு பக்கம் புரிந்து படித்தேன். ஒரு மூத்த மாணவரிடம் கூச்சத்தை விட்டு ஐயம் கேட்டேன்; அவர் என் நிழல். அடுத்த தேர்விலும் ஒரு தாளில் தோற்றேன். ஆண்டிறுதியில் இரண்டிலும் தேறினேன்.

நவம்பரில் எங்கள் மாடியில் இருந்தோர் அனைவருக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. விதைக்காக இரண்டு காய்களைச் செடியிலேயே பழுக்க விட்டேன். ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள்! செழிப்பு என்பது சேர்த்து வைப்பதன்று. பிறர்க்குக் கொடுக்க மிஞ்சுவது என்று அன்று உணர்ந்தேன்.

இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையரே! முதல் மாதங்களின் வாட்டத்தைக் கண்டு உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூத்த நண்பர்களே! அவர்களுக்குச் சில நாள் நிழலாக இருங்கள்; வேர் பிடித்ததும் விலகி, வெயிலை விடுங்கள். நிழலிலேயே நிற்கும் கத்தரியும் நன்றாகக் காய்ப்பதில்லை.

விதை வேண்டுவோர் என்னிடம் கேட்கலாம். பொட்டலம் இன்னும் தீரவில்லை.