சட்டைப் பைக்கு ஒரு மடக்குக் கத்தி

"கத்தி இருக்கா அண்ணாச்சி?"

மும்பையில் ரயிலேறி ஊருக்குப் போகும்போது, வண்டி கல்யாண் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். மாம்பழம் நறுக்க வேண்டும், அல்லது பெட்டியைக் கட்டிய நைலான் கயிறு அவிழ மறுக்கிறது. அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர்களுக்கு வெங்காயம் நறுக்குவது முதல் மின்கம்பியின் தோலைச் சீவுவது வரை பெரும்பாலும் ஒரே கத்திதான். அப்படியிருந்தும் அதை வாங்கும்போது நாம் யோசிப்பதில்லை. நடைபாதையில் பளபளவென்று கிடப்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். நான் வேலை பார்ப்பது பார்சல் பிரிவில். ஒரு மூட்டையின் சணல் முடிச்சுக்குள் கத்தி முனையை விட்டு நெம்பியபோது, அலகு திடீரென்று மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். கத்தியின் விலை 80 ரூபாய். ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் ஆன செலவில் நல்ல கத்தியே வாங்கியிருக்கலாம்.

விரல் ஆறியபின் மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போனேன். கைக்கருவிகளும் இரும்புச் சாமான்களும் விற்கும் கடைகள் நெருங்கிய தெரு அது. அங்கே ஒரு கடையில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், நாலைந்து கத்திகளை எடுத்து மேசையில் வைத்தார். கையில் தரவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று நம் பக்கத்தில் சொல்வதை இங்கே வந்தும் அவர் விடவில்லை.

"தம்பி, வாங்க வர்றவன் எல்லாம் மொதல்ல வாயத்தான் பார்க்கான். ஆணியைப் பார்க்கணும். வாய் மழுங்கினா தீட்டிக்கிடலாம். ஆணி ஆடிச்சுன்னா என்ன செய்வீய?" என்றார்.

ஆணியும் வில்லும்

அவர் காட்டிய சோதனைகளைக் கடையிலேயே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். கத்தியை முழுவதும் திறந்து, அலகின் முதுகைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம்; புதிதில் துளியாக இருப்பது ஆறு மாதத்தில் கடகடவென்று ஆடும். பிறகு மெல்ல மூடுங்கள். உள்ளே இருக்கும் வில் கடைசிவரை எதிர்த்து நின்று, முடிவில் 'டக்'கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். தொளதொளவென்று மூடினால், என் விரலுக்கு நேர்ந்தது உங்கள் விரலுக்கும் நேரும். மூடியபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அலகு பிடியின் நடுவில் நிற்க வேண்டும். முனை முழுவதும் உள்ளே புதைந்திருக்க வேண்டும். முனை துருத்தினால் சட்டைப் பை கிழியும்.

வில் மட்டும் உள்ள கத்தி பழம் நறுக்க, காகிதம் வெட்டப் போதும். குத்தி நெம்பும் வேலைக்கு அது ஆகாது. அந்த வேலை இருப்பவர்கள் பூட்டு உள்ள கத்தியாக வாங்க வேண்டும். பூட்டில் பல வகை. எளிமையானது பிரான்சு நாட்டு ஓப்பினல் கத்தியில் இருக்கும் வளையம். 1890-ல் ஜோசப் ஓப்பினல் என்பவர் சவாய் மலைப்பகுதியில் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி அது. வளையப் பூட்டு 1955-ல் சேர்ந்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருகிவிட்டால் மடங்காது. 6-ம் எண் கத்தியின் அலகு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், 8-ம் எண் எட்டரை. மும்பை மழைக்காலத்தில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. மரம் ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். பிடியின் பின்நுனியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும்.

எவர்சில்வரும் எஃகும்

துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பதெல்லாம் நல்ல எஃகு அல்ல. கத்திக்குக் கடினம் தருவது இரும்பில் கலந்த கரி. துருவைத் தடுப்பது குரோமியம். நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது அது இருந்தால்தான் துருப்பிடிக்காத எஃகு என்பார்கள். நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் குரோமியம் நிறைய உண்டு, கரி மிகக் குறைவு. அதை எத்தனை முறை காய்ச்சித் துவைத்தாலும் பதம் ஏறாது. அந்த மாதிரித் தகட்டை வெட்டிக் கத்தி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சின்னக் காந்தம் ஒன்றைக் கூட எடுத்துப் போங்கள். அலகில் காந்தம் ஒட்டாவிட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒட்டிவிட்டதாலேயே நல்ல கத்தி என்று முடிவு கட்டவும் கூடாது.

கரி எஃகுக் கத்தி சீக்கிரம் தீட்டுப்படும், நன்றாக வெட்டும். ஆனால் மாங்காய், எலுமிச்சை பட்டால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருவேறும். கடற்கரை ஊரில் இருக்கும் நமக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். அதிகக் கடினமும் தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தி, ராக்வெல் அளவில் 55, 56 என்ற நடுத்தரக் கடினம்தான். அதனால்தான் சாதாரணக் கல்லிலேயே தீட்ட முடிகிறது. ஆனால் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் கண்டவுடன் வாங்கிவிடாதீர்கள், போலிகள் ஏராளம். அலகின் அடியில் பொறித்த பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும். என் அனுபவத்தில் 500 ரூபாய்க்குக் கீழே ஆணியும் வில்லும் தேறுவது அபூர்வம். 2,500-க்கு மேலே போனால் நாம் கொடுப்பது அழகுக்கும் பெயருக்கும்தான். ஒரே கத்தியில் பதினைந்து கருவி உள்ளதும் வேண்டாம். ரம்பமும் கத்தரியும் சட்டைப் பையைக் கீழே இழுக்குமே தவிர, வருஷத்தில் இரண்டு தடவை உதவினால் அதிகம்.

வாங்கியபின் சைக்கிளில் சாணை வைத்துக்கொண்டு வருபவரிடம் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அதோடு பதமும் போயிற்று. சாணைக்கல் ஒன்று வாங்கி, நனைத்து, கத்தியைச் சற்றே சாய்த்து, இரு பக்கமும் சமமாக நாமே இழுத்தால் போதும். ஆணியில் மாதம் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

போலீஸ் கையில் சிக்காமல்

இனி, இளைஞர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். இந்திப் படங்களால் ராம்பூர் கத்திக்கு ஒரு கவர்ச்சி ஏற்பட்டிருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் அந்தக் கைத்தொழிலுக்குப் பெயர் போன ஊர். 2023-ல் அங்கே ஒரு நாற்சந்தியில் 20 அடி உயரக் கத்தியையே நிறுத்தினார்கள். பார்க்க அழகுதான். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இரவு ஷிப்டு முடிந்து வரும் பையனை, பழம் நறுக்க வைத்திருக்கிறான் என்று எந்தப் போலீஸ்காரரும் நம்பமாட்டார்.

ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக் கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. அளவு அதற்குக் குறைவு என்று நிம்மதியடைய வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 1951-ம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 37-வது பிரிவின்படி, கத்தி, கம்பு எடுத்துச் செல்வதற்கே தடை உத்தரவு போடலாம். அந்த நாட்களில் கத்தியை அறையிலேயே வைத்துவிடுவது நல்லது. தில்லிக்கு வேலையாகப் போகிறவர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பொத்தானிலோ வில்விசையிலோ திறக்கும் கத்தி 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால், பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என்று 1980-ல் அங்கே அறிவிக்கை வெளியாயிற்று. நகத்தால் திறக்கும், 3 அங்குலத்துக்கு உட்பட்ட அலகு நம் வேலைக்குத் தாராளம்.

இப்போது நம்மவர்கள் அவசரத்துக்கு விமானத்திலும் போகிறார்கள். கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. சரக்கோடு போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். என் அறை நண்பர் ஒருவர் தகப்பனார் கொடுத்த கத்தியை மறந்துபோய்க் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலையம் போய்விட்டார். சோதனையில் எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்து வாசலில் நின்ற டாக்சிக்காரரிடமாவது கொடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். விமானம் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது என்றார்.