சாவுக் கணக்கிலும் நியாயம் வேண்டும்



"அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் கடுமை, நிறையப் பேர் போய்ச் சேர்ந்தார்கள்" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிறைய என்றால், எதைவிட நிறைய?

இதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் டாக்டர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்தார். அவ்வாண்டு கிள்ளான் பட்டணத்திலும், அப்போது திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) 582 பேர் மாண்டனர். சதுப்பு நிலத்து நீரை வடித்தார்கள், காட்டை அழித்தார்கள். 1902-இல் சாவு 144; 1903-இல் 115!

"மலேரியா தானாகவே தணிந்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். அதற்காகவே வாட்சன், மாவட்டத்தின் மற்றப் பகுதிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அங்கே காய்ச்சல் சாவு மட்டும் 1901-இல் 266, 1905-இல் 351. ஆஸ்பத்திரிச் சாவுகளுக்கும் கணக்கைத் திருத்தினார். இல்லாவிட்டால் தோட்டத்தில் நோயுற்றவரின் சாவு பட்டணத்தின் தலையில் விழுந்துவிடும் அல்லவா?

ஆனால், அந்த ஆண்டுகளில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின, ஆட்களும் பெருகினர். ஆகவே தலையை எண்ணினால் போதாது. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். அதுவும் போதாது. வயதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். தோட்டத்தில் 1,000 பேர்: இளையவர் 900, முதியவர் 100. இறந்த இளையவர் 9, முதியவர் 8, மொத்தம் 17. பிரிக்பீல்ட்ஸிலும் 1,000 பேர்: இரு வயதினரும் 500, 500. இறந்த இளையவர் 4, முதியவர் 20, மொத்தம் 24. தோட்டமே மேல் என்று தோன்றுகிறதா? தோட்டத்திலும் 500, 500 இருந்திருந்தால்? இளையவர் 5, முதியவர் 40. மொத்தம் 45 சாவு!

இந்த வழியை 1844-இலேயே லண்டனில் காப்பீட்டுக் கணக்கர் நீசன் எடுத்துக் காட்டினார். இறந்தோரின் சராசரி வயதை வைத்து ஊர்களை ஒப்பிட்ட எட்வின் சாட்விக்கிற்கு அவர் அளித்த மறுப்பு அது. இன்றும் உலக சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிட, ஒரு பொது வயதுக் கணக்கையே அளவுகோலாகக் கொள்கிறது.

நம் முன்னோரில் பெரும்பாலோர் உழைக்கும் வயதில் கப்பலேறியவர்கள். இளையவர் நிறைந்த லயத்தில், சிறிய எண்ணும் பெரிய துயரத்தை மறைக்கும். இன்று பிள்ளைகள் பட்டணம் போய், முதியவர் மட்டும் தங்கிய தோட்டத்தில் கணக்கு மறுபக்கம் சாயும்.

ஆகவே, அடுத்த முறை யாரேனும் இரண்டு ஊர்களின் சாவுக் கணக்கைக் காட்டினால், "எத்தனை பேரில்? எந்த வயதில்?" என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குங்கள்.