நம் புரதமே கிருமிக்குப் பிடிமானம்

கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில் திருவண்ணாமலை, வேலூர் வட்டார மருத்துவமனைகளுக்கு ஒரு காய்ச்சல் வந்துகொண்டே இருக்கும். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. ஒரு வாரமாகியும் சூடும் தலைவலியும் விடாது. அனுபவமுள்ள மருத்துவர் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி என்று தேடிப் பார்ப்பார். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கு அங்கே இருந்தால், பெரும்பாலும் அது ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல்தான். 2025 ஜனவரியில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் திருவண்ணாமலையும் உண்டு.

புதரிலும் புல்லிலும் வாழும் மைட் என்ற சிற்றுயிரின் ஆறுகால் இளம்பருவம்தான் கடிக்கிறது. அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, கடித்ததே தெரியாது. அதன் உமிழ்நீரோடு ‘ஓரியன்சியா சுட்சுகாமுஷி’ பாக்டீரியா உடலில் இறங்குகிறது.

இந்தக் கிருமி செல்லுக்கு வெளியே பெருகாது. எப்படியாவது உள்ளே போயாக வேண்டும். அதன் மேற்பரப்பில் டிஎஸ்ஏ56 என்ற புரதம் நிறைந்திருக்கிறது. அது பற்றிக்கொள்வது நம் ஃபைப்ரோநெக்டினை. செல்களை, அவற்றைச் சுற்றியுள்ள திசுவோடு பிணைத்து நிறுத்தும் புரதம் இது. இதைப் பிடிப்பதற்கென்றே செல்லின் மேல் இன்டெக்ரின் என்ற ஏற்பிகள் உள்ளன. ஃபைப்ரோநெக்டினைப் போர்த்தி வரும் கிருமியையும் அவை சேர்த்துப் பிடிக்கின்றன. உடனே செல், கிருமியைச் சவ்வுப் பையில் சுற்றி உள்ளே இழுக்கிறது. செரிமான நொதிகள் வந்து சேருமுன் கிருமி பையிலிருந்து தப்பி, உட்கருவின் அருகே போய்ப் பெருகுகிறது.

அமெரிக்காவின் லைம் நோய்க் கிருமியும் இதே புரதத்தைத்தான் நாடுகிறது. 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் அடையாளம் காட்டிய அந்தச் சுருள்வடிவ பாக்டீரியா, பிபிகே32 என்ற தன் புரதத்தால் ஃபைப்ரோநெக்டினைப் பற்றி, ஓடும் ரத்தத்திலும் நாளச் சுவரில் ஒட்டி நிற்கிறது. இனத்தால் தொலைவான இரண்டு கிருமிகளும் ஒரே பிடிமானத்தைக் கண்டுகொண்டிருக்கின்றன.

உண்ணிக் காய்ச்சல் கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதாலும், அதற்கு வழக்கமான பாக்டீரியாச் சுவர் இல்லாததாலும் பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிக்காது. செல்லுக்குள் புகும் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின்தான் கைகொடுக்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ரத்த நாளம் வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் தருவதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையிலான ஆய்வு 2023-இல் நிறுவியது.

தடுப்பூசி இன்னும் இல்லை. ஒட்டிக்கொள்ள உதவும் அதே டிஎஸ்ஏ56, கிருமியின் ஒவ்வொரு வகையிலும் வேறுபடுவது பெரிய தடை. ஒரு வகைக்கு எதிராக உடல் கற்ற பாடம் இன்னொரு வகைக்குப் போதாது.

ஆகவே விறகுக்கும் மேய்ச்சலுக்கும் புதர்ப்பக்கம் போகிறவர்கள் உடலை மூடும் ஆடை அணிய வேண்டும். திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்தியதைத் துவைத்துவிட வேண்டும். பிறகு காய்ச்சல் வந்தால், புதர்ப்பக்கம் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உடலில் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால், விலை மலிவான மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது.