கத்திரிக்கு முன்பே வரும் ஆபத்து

சதமும் பஞ்சாங்கமும்

பங்குனி பிறந்துவிட்டால் 'மதுரையில் வெயில் சதமடித்தது' என்று செய்தி வரத் தொடங்கிவிடும். 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். வீடுகளில் ஓடுவது இன்னொரு கணக்கு: 'இப்பவே இப்படின்னா கத்திரியில எப்படி இருக்கும்?' மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திரத்துக்கென்றே நம் எச்சரிக்கையையெல்லாம் பத்திரப்படுத்தி வைக்கிறோம். உடம்புக்கு இந்த இரண்டு கணக்கும் தெரியாது. பழகாத முதல் சூடும், விடியும்வரை தணியாத புழுக்கமும்தான் அதை வீழ்த்துகின்றன. ஆகவே தயாராக வேண்டிய மாதம் பங்குனி. இந்திய வானிலை ஆய்வு மையமும் மார்ச் முதல் மே வரைக்கான கோடைக் கணிப்பைப் பிப்ரவரி முடிவிலேயே வெளியிட்டுவிடுகிறது. அந்தக் கணிப்பில் பகல் வெப்பத்தைப் பற்றிய வரியை மட்டும் படித்துவிட்டு, இரவு வெப்பத்தைப் பற்றிய வரியை நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

'எங்களுக்கு வெயில் புதுசா?'

மதுரையில் இப்படிக் கேட்காதவர் குறைவு. அதில் பாதி உண்மை இருக்கிறது. தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் சூட்டில் உழைத்தால் உடம்பு பழகிக்கொள்கிறது: வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் கரைந்து போகும் உப்பும் குறைகிறது. ஆனால் இந்தப் பழக்கம் பிறவிச் சொத்து அல்ல. சில வாரம் குளிர்ச்சியில் இருந்தால் கரைந்துவிடும். மார்கழியும் தையும் கடந்து வந்த உடம்பு பங்குனி வெயிலுக்குப் புதிய உடம்புதான். மேலூர்ப் பக்கம் வயலில் இறங்குபவரானாலும், பகலெல்லாம் ஏ.சி. அறையில் இருந்துவிட்டுச் சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக் கரையில் மணிக்கணக்கில் நிற்பவரானாலும் இதில் வேறுபாடு இல்லை. புதிதாகக் கட்டட வேலைக்கு வந்தவரை முதல் நாளே முழு நாளும் கான்கிரீட் தளத்தில் நிறுத்துவது மிகத் தவறு. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். பழகிய உடம்பானாலும் தண்ணீர் இல்லாமல் வியர்க்காது.

நிழலில் எடுத்த அளவு

செய்தியில் வரும் வெப்பநிலை, காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் நிழலில் வைத்த கருவி காட்டுவது. வெயிலில் நிற்கும் தோலும், தார்ச் சாலையும், தகரக் கூரையும் அதைவிடச் சூடு. 'வெப்ப அலை என்று அறிவிக்கவில்லையே' என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. சமவெளியில் பொதுவாக 40 டிகிரியை எட்டுவதோடு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அந்த அறிவிப்பு வரும். மே மாத இயல்பே 38ஐ ஒட்டி இருக்கும் மதுரையில் 41 டிகிரி சுட்டெரித்தாலும் அது வெப்ப அலைக் கணக்கில் சேராமல் போகலாம். சென்னைக்கு நண்பகலில் கடற்காற்று துணைக்கு வரும், மதுரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோடை மழை பெய்தால் குளிர்ந்துவிடும் என்பார்கள். பெய்த அன்று குளிரும். மறுநாள் ஈரக்காற்றில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பகலெல்லாம் சூட்டைக் குடித்த மொட்டைமாடித் தளம் இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. முதியவர்களும் இதய, சிறுநீரக நோயாளிகளும் மீண்டெழ வேண்டிய நேரம் இரவுதான், அதுவும் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. அந்தியில் மாடியில் தண்ணீர் தெளிக்கலாம், கூரைக்கு வெள்ளை அடிக்கலாம், படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாம். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தாமல், கோடைக்கான அளவை மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

'வீட்டிலிருந்தால் சோறு?'

'பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்' என்ற அறிவுரை தினக்கூலிக்குப் பொருந்தாது என்ற மறுப்பு முற்றிலும் நியாயமானது. அதனால்தான் பொறுப்பு வேலை கொடுப்பவரிடம் இருக்கிறது. விடியற்காலையில் வேலையைத் தொடங்குவதும், நிழலும் குடிநீரும் வைப்பதும், மணிக்கொரு முறை உட்கார விடுவதும் அவர் செய்யக்கூடியவை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் சூட்டில் வேலை செய்பவர்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது, இறப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. செத்த பிறகு வரும் பணத்தைவிட, சித்தாள் கைக்கு எட்டுமிடத்தில் ஒரு மண்பானை இருப்பது முக்கியம் என்றே நினைக்கிறேன்.

மயங்கி விழுந்தால்

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு இருந்தால் நிழலில் உட்காரவைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பவாதம். வியர்க்கிறதே என்று ஏமாற வேண்டாம், உழைக்கும்போது வருவதில் வியர்வை இருக்கவே செய்யும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது, அதைத் தேடி மருந்துக்கடைக்கு ஓடும் நேரத்தில் இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றலாம்.