சம்பளம் எல்லோருக்கும் ஒன்று, கோப்பை மட்டும் ஒரே பக்கம்

கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பக்கம் ஆறடி தாண்டிய ஒரு பையன் கூடைப்பந்து நன்றாக ஆடினால், அவனுடைய முதல் சம்பளம் ரூபாயாக வராது. சீட்டாக வரும். பிளஸ் டூ முடிவதற்குள் ஏதாவதொரு கல்லூரியின் கோச் போன் செய்வார். ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம், மெஸ் இலவசம், ஷூவும் ஜெர்ஸியும் நாங்களே தருகிறோம் என்பார். அரசு வழியும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்றே 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மூன்று கோச்சுகள் அழைத்தாலும் மூவரும் தருவது கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாமே இலவசம் என்றான பிறகு அதற்கு மேல் என்ன தர முடியும்? அப்போது பையன் வேறு கணக்குப் போடுவான். எங்கே மரத்தளம் போட்ட உள்ளரங்கு இருக்கிறது, எங்கே ஏற்கெனவே நல்ல சீனியர்கள் இருக்கிறார்கள், போன பேட்சில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் போன வருஷம் ஜெயித்த கல்லூரியாகவே இருக்கும். இந்த வருஷமும் அதுவே ஜெயிக்கும்.

தொழில்முறைக் கூடைப்பந்தில் சம்பள விதிகள் ஏன் இத்தனை சிக்கலாக இருக்கின்றன என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று வைத்துவிட்டால் அணிகள் சமமாகிவிடும் என்று தோன்றும். ஆவதில்லை. பணத்தில் போட்டி இல்லை என்றால் போட்டி வேறொன்றுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

கல்லூரி முடிந்த பிறகு நம்மூரில் கூடைப்பந்து என்றால் டிபார்ட்மென்ட் டீம்தான். பெரியகுளத்தில் வெள்ளி விழா விளையாட்டுக் கழகத்தினர் ஓர் அகில இந்தியப் போட்டி நடத்துகிறார்கள். அங்கேயும் கோவையின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையிலும் பேனரில் இருப்பவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, கடற்படை, ராணுவம், கேரள மின்வாரியம் போன்ற பெயர்கள். ஆடுகிறவர்கள் அந்தந்தத் துறையின் ஊழியர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர்கள். எந்த அளவுப் போட்டியில் ஆடியிருக்கிறார் என்பதைப் பார்த்துச் சம்பள நிலையை நிர்ணயிப்பார்கள். அதன்பின் அந்த நிலையில் இருக்கும் மற்ற ஊழியர்களுக்கு என்னவோ அதுதான் அவருக்கும். ஒரு ஆட்டத்தில் முப்பது பாயிண்ட் போடுகிறவரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் மாதக் கடைசியில் வாங்குவதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இதைவிடக் கறாரான சம்பள உச்சவரம்பைக் காண்பது அரிது. ஆனாலும் தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக இந்தியன் ரயில்வேதான் அசைக்க முடியாத அணி. தமிழ்நாடு, கேரளம், சத்தீஸ்கர் என்று எந்த மாநிலம் நல்ல வீராங்கனையை உருவாக்கினாலும், அவருக்கு நிரந்தர வேலை தர ரயில்வேயிடம் நாடு முழுக்க இடம் இருக்கிறது. இந்திய அணியின் கேப்டனாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னைக்காரர் அனிதா பால்துரையும் ரயில்வே ஊழியர்தான். இப்படிச் சேர்பவர்கள் தேசியப் போட்டியில் சொந்த மாநிலத்துக்கு எதிராக ஆட வேண்டும். கேரளத்தால் ஓரளவு எதிர்த்து நிற்க முடிந்ததென்றால், பி.எஸ். ஜீனா போன்ற வீராங்கனைகளுக்கு அங்கே மின்வாரியம் வேலை கொடுத்ததும் ஒரு காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மற்ற கோப்பைகளில் தெற்கு ரயில்வே, மேற்கு ரயில்வே என்று மண்டலங்கள் தனித்தனியாக வந்து மோதிக்கொள்ளும். ஆட்டம் நெருக்கமாகவே இருக்கும். தேசியப் போட்டியில் அதே பெண்கள் ஒரே ஜெர்ஸியில் வருவார்கள். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. யார் யாரோடு சேர்ந்து ஆடலாம் என்ற விதி மாறியது, சமநிலை போய்விட்டது.

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. இதே பாடத்தைக் கோடிக்கணக்கான டாலர் செலவழித்துக் கற்றது. 1984-85 பருவத்தில் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2025-26இல் அது 15.46 கோடி டாலர். லீக்குக்கு வரும் வருமானத்தில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்கு என்பது ஒப்பந்தம். அதிலிருந்துதான் இந்த எண் பிறக்கிறது. ஆனால் ஐ.பி.எல். ஏலத்தில் பர்ஸ் தீர்ந்தால் கையைக் கீழே போட வேண்டியதுதான். என்.பி.ஏ.வில் அப்படி இல்லை. தன்னிடமே சில ஆண்டுகள் ஆடிய வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் அறியப்படும் விலக்கு அது. தாண்டித் தாண்டி இன்னொரு கோட்டைத் தொட்டால் ஆடம்பர வரி கட்ட வேண்டும். வரிக்கு அஞ்சாத முதலாளிகள் இருக்கத்தானே செய்வார்கள்?

அணிக்கு மட்டுமல்ல, 1999 முதல் தனி வீரருக்கும் உச்சவரம்பு உண்டு. அனுபவத்தைப் பொறுத்து அணி வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதத்தில் தொடங்கலாம். நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். விளைவு வேறு மாதிரி ஆனது. லெப்ரான் ஜேம்ஸ் போன்றவருக்கு எந்த ஊரும் அவர் மதிப்புக்கு ஏற்ற தொகையைத் தர முடியாது. எல்லா ஊரும் கிட்டத்தட்ட ஒரே தொகையைத்தான் தரும். ஆகவே அவர் பணத்தைப் பார்க்காமல் கூட்டாளிகளைப் பார்த்தார். 2010இல் மயாமிக்குப் போய் வேட், பாஷ் என்ற இரு நட்சத்திர வீரர்களோடும் சேர்ந்தார். நம் ஹாஸ்டல் பையனின் கணக்கேதான். 2016இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடியிலிருந்து 9.4 கோடி டாலருக்குத் தாவியது. அந்த இடைவெளியில், அதற்கு முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்கள் ஜெயித்திருந்த கோல்டன் ஸ்டேட் அணி கெவின் டுராண்டையும் சேர்த்துக்கொண்டது. 2017, 2018 இரண்டு கோப்பையும் அவர்களுக்கே. இப்போது ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வரம்பை உயர்த்தக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

2023 ஒப்பந்தம்தான் நிஜமாகவே கடித்தது. ‘இரண்டாம் ஏப்ரன்’ என்று ஒரு கோடு போட்டார்கள். 2025-26இல் அது 20.78 கோடி டாலர். அதைத் தாண்டினால் வரி கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி அதற்கு ஒரு பெரிய வீரரை மாற்றிக்கொள்ள முடியாது; டிராஃப்ட் என்ற புதுமுகத் தேர்வில் எதிர்கால உரிமை முடங்கும். அதாவது பணத்தைத் தண்டிப்பதோடு நிறுத்தாமல் ஆள் சேர்க்கும் வழியையும் அடைத்தார்கள். 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், 2025 கோடையில் ஜ்ரூ ஹாலிடேயையும் போர்ஸிங்கிஸையும் அனுப்பிவிட்டுச் செலவைக் குறைத்தது. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். எல்லாப் பெருமையும் அந்த ஒரு விதிக்குப் போகாது, அது வருவதற்கு முன்பே பரவல் தொடங்கிவிட்டது. ஆனால் திசை ஒன்றுதான்.

டிராஃப்ட் என்பது புதுமுகங்களைப் பங்கிடும் முறை. தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற புகார் கிளம்பியதால் 1985இல் குலுக்கல் வந்தது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான். இதில் பெரிய லாபம், முதல் சுற்றில் வரும் இளைஞரின் சம்பளம் சில ஆண்டுகளுக்கு விதிப்படி குறைவு என்பது. 2025இல் சாம்பியனான ஓக்லஹோமா சிட்டி சிறிய ஊர். பால் ஜார்ஜைக் கொடுத்துவிட்டு ஷாய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டரையும் ஒரு கட்டு டிராஃப்ட் உரிமைகளையும் 2019இல் வாங்கி, காத்திருந்து கட்டிய அணி அது. உச்சவரம்பு இருக்கும் இடத்தில் ஜெயிக்கிறவர், வாங்கும் சம்பளத்தைவிட நன்றாக ஆடுகிறவர்களை அதிகம் வைத்திருப்பவரே.

இது கபடியில் தமிழ் தலைவாஸ் அணியின் ரசிகருக்கு நன்றாகத் தெரியும். 2022 புரோ கபடி ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2.26 கோடி ரூபாய், அணியின் மொத்த பர்ஸில் ஏறத்தாழ பாதி. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அந்தப் பருவத்தில்தான் நரேந்தர் என்ற புதுமுகத்தின் ரெய்டுகளால் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

இந்தியக் கூடைப்பந்தில் நகர அணிகளை வைத்து லீக் நடத்த முயற்சிகள் நடந்திருக்கின்றன. யூ.பி.ஏ. 2015இல் தொடங்கி 2017இல் நின்றது. 2022-23இல் ஐ.என்.பி.எல்., சென்னை ஹீட் உட்பட ஆறு அணிகளோடு வந்தது. சில வாரச் சம்பளத்துக்காக ஓய்வு வயது வரை வரும் வேலையை யாரும் விட மாட்டார்கள். ஆகவே வீரர் துறையில் லீவு கேட்டுக்கொண்டு வந்துதான் ஆட வேண்டும். இந்த நிலையில் இங்கே என்.பி.ஏ. போல உச்சவரம்பு பேசுவது வீண். கை வைக்க வேண்டிய இடம் ஆள் சேர்ப்பு. ஒரு துறை இத்தனை பேரைத்தான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தினால் கோப்பை பரவும், ஆனால் பெண்களுக்கு இருக்கும் வேலை குறையும். அதற்கு நான் உடன்பட மாட்டேன். ரயில்வே மண்டலங்களைத் தேசியப் போட்டியிலும் தனித்தனியாக இறக்கினால் யாருக்கும் வேலை போகாது. தெற்கு ரயில்வேயில் இருக்கும் தமிழ்ப் பெண் மேற்கு ரயில்வேயை எதிர்த்து ஆடுவார், தமிழ்நாட்டு அணிக்கும் கோப்பைக்கு ஒரு வழி இருக்கும்.