பயிற்றுநர் பேசும் முன்பே அவர் உடல் பேசுகிறது

ஜூடோ வகுப்பின் முதல் நாளில் மாணவர்கள் கற்பது விழுவதற்குத்தான். "பயப்படாமல் விழுங்கள்" என்கிறார் பயிற்றுநர். ஆனால், அவர் முகம் கடுகடுவென்று இருக்கிறது; பார்வையோ கைப்பேசியில். மாணவர் எதை நம்புவார்? சொல்லையா, உடலையா?

பெரும்பாலும் உடலைத்தான். பேசக் கற்பதற்கு முன்பே நாம் முகங்களைப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

1985-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பார்ப்போம். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசையின்மேல் தவழவிட்டனர். பாதி வழியில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோல் தெரியும். குழந்தைகள் தயங்கி, எதிர்முனையில் நின்ற தாயின் முகத்தைப் பார்த்தனர். தாய் புன்னகைத்தபோது 19 பேரில் 14 பேர் கடந்தனர். தாய் அச்சத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை!

பயம் உடலை என்ன செய்கிறது?

ஜூடோவில் முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயைத் தட்டியபடி விழ வேண்டும். அப்போது விழும் விசை பரந்த பரப்பில் பரவுகிறது; தலையும் தப்புகிறது. பயந்தவர் உடலில் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், தசைகள் இறுகும். அவர் சட்டெனக் கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். அடிபட்டவர் அடுத்த வாரம் வகுப்புக்கு வரத் தயங்குவார்.

பயிற்றுநர் மண்டியிட்டு, மாணவரின் கண்மட்டத்துக்கு வந்து, தாமே நிதானமாக விழுந்து காட்டினால் பதற்றம் தணியும்.

முதல் பார்வை போதுமா?

நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காட்சிகளை, ஒலியின்றி 30 விநாடி மட்டும், முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டினர். அவர்கள் தந்த மதிப்பீடு, பருவ இறுதியில் மாணவர்கள் தந்த மதிப்பீட்டோடு பெருமளவு ஒத்துப்போனது.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அந்த மதிப்பீடு ஆசிரியரை மாணவர்களுக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் காட்டியது. எவ்வளவு கற்றார்கள் என்பதை அன்று. புன்னகை மட்டுமே நம்பிக்கைக்குச் சான்றாகாது. உங்கள் நிலையைத் திருத்தத் தொடுமுன் பயிற்றுநர் கேட்கிறாரா? "வலிக்கிறது" என்றால் உடனே நிறுத்துகிறாரா? பெற்றோர் இல்லாதபோதும் அப்படியே நடந்துகொள்கிறாரா? இவற்றைப் பல வாரங்கள் பாருங்கள். மனம் உறுத்தினால், தயங்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள்.